ரெஃபரலின் பலவீனங்கள்

என்னுடன் வேலை பார்க்கும் நர்ஸ்களிடம் கேட்டால், திருவனந்தபுரத்தில் நான் பொறாமைப்படாத ஆளே கிடையாது என்று சொல்வார்கள். அபாண்டம். இந்த ஜென்மத்தில் நான் பொறாமைப்பட்டது ஒரே ஒருத்தியைப் பார்த்துத்தான். மற்றவர்களைப் பார்த்து வந்ததெல்லாம் வெறும் எரிச்சல். எரிச்சல் என்பது ஒரு டீ குடித்தால் அடங்கிவிடும். இவளைப் பார்த்து வந்தது அப்படி அடங்கவில்லை. இவள் கையாலேயே டீ போட்டுக் கொடுத்தால் இன்னும் கூடியது, ஏனென்றால் டீயையும் இவள் என்னைவிட நன்றாகப் போட்டுத் தொலைத்தாள்.

அவள் பெயர் ரெஃபரல். பெற்றவர்கள் வைத்த அழகான பெயர் ஒன்று இருந்தது. டியூட்டி அட்டவணையைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. பஸ் கண்டக்டர் முதல் எங்கள் வீட்டுக்காரம்மா வரை எல்லோருக்கும் அவள் ரெஃபரல்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போக விரும்பும் நர்ஸ்கள் ஓர் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். அதில் இரண்டு பகுதிகள் ஆளை உயிரோடு விடாது. ஒன்றில், நோயாளியைப் பற்றிய குறிப்புகளைக் கொடுத்து, அவரை இன்னொரு டாக்டரிடம் அனுப்பிவைக்கும் கடிதம் எழுதச் சொல்வார்கள். அதுதான் ரெஃபரல் லெட்டர். இன்னொன்றில், எதிரே உட்கார்ந்திருப்பவர் நோயாளியாக நடிப்பார். நாம் அவரிடம் ஐந்து நிமிடம் இதமாகப் பேச வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் பாதி நர்ஸ்கள் கையால் பி.பி. பார்த்துக்கொண்டே வாயால் ஆங்கிலம் முணுமுணுப்பவர்கள். நானும் அதில் ஒருத்தி. நாகர்கோவில் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில், நான் நர்ஸிங் முடித்த அன்றே "அவ ஃபாரின் போகப் போறா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள். பெரிய சூட்கேஸ்கூட வாங்கியாகிவிட்டது. ஐந்து வருடமாக அது கரமனையில் என் அறை அலமாரிமேல் இருந்தது. உள்ளே பழைய போர்வைகள்.

நாங்கள் எல்லோரும் கோச்சிங் வகுப்பில் காசைக் கொட்டி இந்தத் தேர்வுக்குப் பழகினோம். ரெஃபரலால் வகுப்புக்கு வர முடியாது. லீவு கிடைக்கும் நாளெல்லாம் மலைமேல் இருக்கும் போனக்காட்டுக்கு பஸ் ஏறிவிடுவாள். அங்கே தேயிலைத் தோட்டத்தில் அவளுடைய அம்மாவுக்கு வேலை. அதனால் அவள் தேர்வுக்கு உலகத்தை வைத்துப் பழகினாள்.

முதலில் மாட்டியது குழாய். கரமனையில் அக்ரகாரத் தெரு ஒன்றில், ஒரு மாமியின் வீட்டு மாடி அறையில் நானும் ரெஃபரலும் குடியிருந்தோம். குளியலறைக் குழாய் மூன்று வாரமாக ஒழுகிக்கொண்டிருந்தது. தினமும் படியிறங்கி மாமியிடம் நான் கத்திவிட்டு வருவேன். ஒரு காலையில் மாமியின் கதவிடுக்கில் ஒரு கடிதம் கிடந்தது. ஆங்கிலத்தில் எழுதியது. தமிழில் இப்படி வரும்:

"மதிப்பிற்குரிய மாமி, மாடிக் குளியலறைக் குழாயை மேல் சிகிச்சைக்காகத் தங்களிடம் அனுப்புகிறேன். சுமார் பதினைந்து வயதுள்ள இக்குழாய் மூன்று வாரங்களாக இடைவிடாத சொட்டினால் அவதிப்படுகிறது. முதலுதவியாகத் துணி சுற்றப்பட்டது. முன்னேற்றம் இல்லை. குடும்பப் பின்னணி: சமையலறைக் குழாயும் இதே நோயால் சென்ற வருடம் மாற்றப்பட்டது. ஒவ்வாமை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. விரைவில் பார்வையிட்டால் நன்றியுடையவளாவேன்."

மாமி கடிதத்தை எடுத்துக்கொண்டு தெருவில் நாலு வீடு போய்வந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"இதப் பாருடீ, கொழாய்க்கு வயசு போட்டிருக்கா. நல்ல வேளை, என் வயசப் போடலை. பிளம்பர் நாளைக்குக் காலம்பற வரான், கேட்டியோ."

"மூணு வாரமா நானும்தான சொன்னேன் மாமி?"

"நீ சொன்னது சண்டையாக்கும். இவ எழுதினது லெட்டர்."

பிளம்பர் வந்தான். குழாய் நின்றது. என் வயிற்றில் அன்றைக்குத் தொடங்கியது நிற்கவில்லை.

அதற்குப் பிறகு ரெஃபரலின் கடிதத்துக்குத் தப்பியது எதுவுமில்லை. வார்டில் சக்கரம் கழன்ற டிராலியை "நடப்பதில் சிரமம், இடது பின்கால் பலவீனம்" என்று எழுதி ஸ்டோருக்கு அனுப்பினாள். இரண்டு நாளில் புது டிராலி வந்தது. கேண்டீன் சாம்பாரை "நீர்த்தன்மை அதிகம், நிறம் வெளிறியுள்ளது" என்று சமையல்காரருக்கு அனுப்பினாள். அவர் கோபித்துக்கொள்வார் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். அவர் சிரித்துவிட்டு, அவள் தட்டில் மட்டும் இரண்டு கரண்டி பருப்பு கூடுதலாகப் போட ஆரம்பித்தார்.

பேச்சுப் பயிற்சி இதைவிட மோசம். யாராவது "அம்மாடி" என்று உட்கார்ந்தால் போதும், இவளுக்கு ஐந்து நிமிடம் ஓட ஆரம்பித்துவிடும். ஒருநாள் காலை பஸ்ஸில் கண்டக்டர் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"சேட்டா, இந்த வலி எப்போ தொடங்கி?" என்றாள் ரெஃபரல்.

"ஓ, இது பேக் தூக்கித் தூக்கி வந்நதா சிஸ்டரே. சாரமில்ல."

"பரவால்லன்னு சொன்னா எப்படி? ராத்திரி தூக்கம் கெடுதா? வீட்ல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

வீட்டில் சொன்னால் யார் கேட்கிறார்கள் என்று அந்த மனிதர் மனதைத் திறந்துவிட்டார். டபுள் பெல் அடிக்க ஆளில்லாமல் பஸ் நாலு நிமிடம் நின்றது. டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். அவருக்கும் முட்டி வலி இருப்பது தெரியவந்தது. மறுநாளிலிருந்து அந்த பஸ்ஸில் எங்களுக்கு வரவேற்பு பலமாக இருந்தது. எங்களுக்கு என்பது தவறு. அவளுக்கு லீவு என்றால் கண்டக்டர் என்னைப் பார்த்து, "மற்றே சிஸ்டர் எவிடே?" என்று அவளைத் தேடுவார். நானும் ஒரு சிஸ்டர்தான், எனக்கும் வாய் இருக்கிறது என்பது அவர் மனதில் படவே இல்லை.

வார்டில் ஆறாம் நம்பர் கட்டிலில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் இருந்தார். மீசை மட்டுமே கால் கிலோ தேறும். ஊசியைக் கண்டால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். நான் டிரேயோடு போனால் போர்வைக்குள்ளிருந்து, "மற்றே சிஸ்டர் வரட்டே" என்று குரல் வரும். ரெஃபரல் தன் சாப்பாட்டு நேரத்தில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சர்வீஸில் அவர் ஓடிப் பிடித்த திருடர்களைப் பற்றியெல்லாம் விசாரிப்பாள். மூன்றாவது திருடன் சுவர் ஏறும்போது ஊசி போட்டு முடித்திருப்பாள். டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது அவர் மனைவி ஒரு பொட்டலம் பலாப்பழ சிப்ஸைக் கொண்டுவந்து, அந்த சிஸ்டருக்குக் கொடுத்துவிடச் சொல்லி என் கையில் தந்தார். பாதியை நான் பஸ்ஸிலேயே தின்றுவிட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டிலோ, நடிக்கும் நோயாளி நான்தான். கையில் ஓர் அட்டையைத் திணிப்பாள்.

"அக்கா, இன்னிக்கு நீங்க எழுபது வயசு ஆம்பள. கால்ல புண்ணு. டாக்டர் வெரல எடுக்கணும்னு சொல்லிட்டார். நீங்க நல்ல கோவத்துல இருக்கீங்க."

"கோவத்துக்கு நடிக்க வேண்டாம்ட்டி. அது தன்னால வரும்."

"அதுக்குத்தானே அக்காவ எடுத்தேன்."

நான் அந்தத் தேர்வில் இரண்டாவது முறையாகத் தோற்ற வாரம் ஒரு அட்டை தந்தாள். ஆபரேஷன் இரண்டு தடவை தள்ளிப்போன ஓர் அம்மா. இன்றைக்கும் இல்லை என்று நர்ஸ் சொல்ல வருகிறாள். நான் எடுத்த எடுப்பிலேயே ஆங்கிலத்தை விட்டுவிட்டேன்.

"எத்தன தடவட்டி காத்துக் கெடக்கது? பக்கத்துக் கட்டிலுக்கு ஆச்சு. எதுத்த கட்டிலுக்கு ஆச்சு. நேத்து வந்தவளுக்கெல்லாம் ஆச்சு. எனக்கு மட்டும் ஏன்ட்டி ஆவ மாட்டேங்கு?"

குரல் உடைந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அட்டையில் இருந்தபடி ஆங்கிலத்தில் ஏதோ ஆறுதல் சொன்னாள். ஐந்து நிமிடம் முடிந்து போனில் மணி அடித்தது. கையை அவள் எடுக்கவில்லை. நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் நடிக்க" என்றேன்.

"நான் நடிக்கலக்கா."

நல்ல மனுஷியாக இருந்தால் அந்த நிமிடத்தில் எனக்கு அவளைப் பிடித்துப்போயிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இவள் பாஸாகிவிடுவாள்.

பாஸானாள். அவளுக்கு முதல் தடவை, எனக்கு மூன்றாவது. அவள் எல்லாப் பகுதியிலும் தேறினாள். நான் கடிதத்தில் மயிரிழையில் கோட்டைவிட்டேன். அவள் வார்டு முழுக்கப் பழம்பொரி வாங்கிக் கொடுத்தாள். நான் நாலு தின்றேன். "ரொம்ப சந்தோஷம்ட்டி" என்று சொன்னேன். கண்ணாடியில் பார்த்தபோது அந்த முகம் கடைவாய்ப் பல் பிடுங்கிய முகமாக இருந்தது.

ஒரு மாதத்தில் அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளை இன்டர்வியூவுக்கு எடுத்துக்கொண்டது. அதற்கு இரண்டு நற்சான்று வேண்டும். ஒன்றை இன்சார்ஜ் சிஸ்டர் எழுதிவிட்டார். இன்னொன்றை, கூடவே வேலை பார்க்கும் ஒருவர் ரகசியமாக நிரப்பி, நேராக அந்த ஆஸ்பத்திரிக்கே மெயிலில் அனுப்ப வேண்டும்.

"அக்காவோட மெயில் ஐடி கொடுத்திருக்கேன், கேட்டோ" என்றாள்.

"நம்ம வார்டுல வேற ஆளே இல்லியா?"

"என்னப் பத்தி நல்லா அறியுறது அக்காதானே."

படிவம் வந்தது. மூன்று நாள் அதைத் திறக்காமல் வைத்திருந்தேன். டியூட்டி, தலைவலி, நெட் இல்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் போனை எடுக்கும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். அவள் அம்மாவுக்கு அடுத்த வருடம் தோட்டத்தில் ஓய்வு. வேலை முடிந்தால் தோட்டத்தில் கொடுத்த லயத்து வீட்டையும் விட்டுவிட்டு வர வேண்டும். கீழே இறங்கினால் போக ஓர் இடமில்லை. இந்த வேலை கிடைத்தால்தான் வீடு. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சும்மா இருந்தேன்.

கடைசி நாள் காலையில் திறந்தேன். பலங்கள் என்ற கட்டத்தில் "நேரத்துக்கு வருவார்" என்று மட்டும் எழுதினேன். அடுத்த கட்டம், பலவீனங்கள். மடைதிறந்த மாதிரி வந்தது. ஆனால் பாருங்கள், அங்கேதான் என் தொழில் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

நர்ஸ் எழுதும் குறிப்பில் அபிப்பிராயம் கூடாது. ஐந்து வருடமாக இன்சார்ஜ் சிஸ்டர் எங்கள் மண்டையில் குட்டிக் குட்டி ஏற்றிய பாடம் அது. நோயாளி கோபமாக இருந்தார் என்று எழுதக்கூடாது. நோயாளி மதியம் பன்னிரண்டரைக்குத் தட்டைத் தூக்கி எறிந்தார் என்று எழுத வேண்டும். கண்ணால் கண்டதை மட்டும், நேரம் போட்டு. செய்ததை எழுதினால் போதாது, அதனால் என்ன ஆயிற்று என்பதையும் கடைசியில் சேர்க்க வேண்டும். "இவள் ஒரு பைத்தியம், எல்லோர் உயிரையும் எடுக்கிறாள்" என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை கேட்கவில்லை. பழக்கதோஷத்தில் இப்படி வந்தது:

"காலை 7.40. பஸ் கண்டக்டரின் தோள் வலியை விசாரித்தார். பஸ் நான்கு நிமிடம் தாமதமானது. கண்டக்டர் மறுநாள் டாக்டரைப் பார்த்தார்.

மதியம் 1.10. சாப்பாட்டு நேரம் முழுவதும் ஆறாம் கட்டில் நோயாளியுடன் பேசினார். சாப்பிடவில்லை. நோயாளி எதிர்ப்பின்றி ஊசி போட்டுக்கொண்டார்.

காலை 6.15. ஒழுகும் குழாயைப் பற்றி வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதினார். குழாய் சரிசெய்யப்பட்டது.

மாலை 5.30. பயிற்சி முடிந்த பிறகும் அறைத் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தோழி அழுகையை நிறுத்தினார்."

இந்த ரீதியில் பதினேழு குறிப்புகள். அனுப்பிவிட்டு, இனி அயர்லாந்தில் ஒருத்தனும் இவளைத் தொட மாட்டான் என்று நிம்மதியாகக் குளிக்கப் போனேன். குழாய் நன்றாக வந்தது.

இன்டர்வியூ வீடியோவில். வீட்டில் நெட் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் மாமியின் கீழ் ஹால்தான். மாமி மிக்ஸியை நிறுத்திவிட்டு, மூச்சையும் பாதி நிறுத்திக்கொண்டு சமையலறையில் பீன்ஸ் நறுக்கினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கம்ப்யூட்டரில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஏதேதோ கேட்டுவிட்டு, ஒரு தாளை எடுத்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். உங்கள் பலவீனங்களைப் பற்றி நீளமான குறிப்பு ஒன்று வந்திருக்கிறது என்று வாசிக்க ஆரம்பித்தார். பஸ் வந்தது. போலீஸ்காரர் வந்தார். குழாய் வந்தது. அவர் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லாவற்றையும் வாசித்துவிட்டு அந்தப் பெண்மணி, இதெல்லாம் உண்மையா என்று கேட்டார். எல்லாம் உண்மை, நேரம்கூடச் சரி என்றாள் ரெஃபரல். அப்படியானால் எப்போது வர முடியும் என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

நான் சமையலறைக்கு ஓடிப்போய் மாமியின் கத்தியைப் பிடுங்கி பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தேன். ரெஃபரல் வந்து எதிரே நின்றாள். அழுதிருந்தாள்.

"எல்லாத்துக்கும் நேரம் போட்டு எழுதிருக்கீங்க, இல்லியாக்கா?"

"அது வந்து... ஃபார்ம்ல கேட்டிருந்தான்லா..."

"காலைல எத்தன மணிக்கு பஸ் ஏறுறேன்னு எங்க அம்மைக்குக்கூடத் தெரியாது. நான் சாப்பிடாத நாள யாரு கணக்கு வச்சா?"

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. மாமி முன்னாலேயே உடைத்துவிட்டேன்.

"பொறாமைல எழுதினேன்ட்டி. ஒனக்கு இந்த வேல கெடைக்கப்படாதுன்னு எழுதினேன். மூணு நாளு பூட்டி வச்சிருந்ததும் அதுக்குத்தான்."

"அறியாம்" என்றாள். "ரெண்டு வருஷமா எனக்குத் தெரியுமேக்கா."

"தெரிஞ்சுமா எங்கிட்ட கொடுத்த?"

"இஷ்டப்படுறவங்க நல்ல பொண்ணுன்னு ஒத்த வரில முடிச்சிருவாங்க. நீங்கதானேக்கா ரெண்டு வருஷமா என்னய விட்டுக் கண்ணெடுக்காம பாத்தது?"

நான் பீன்ஸை விட்டுவிட்டு என் விரலைக் கொஞ்சம் நறுக்கிக்கொண்டேன். அவள் உடனே என் கையைப் பிடித்துக் குழாயடியில் காட்டி, "வலிக்குதா?" என்று கேட்டாள். மாமி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டும் அந்தண்ட போங்கோடீ, பீன்ஸெல்லாம் ரத்தம்" என்றாள்.

போகும்போது என் சூட்கேஸைத்தான் எடுத்துக்கொண்டு போனாள். போர்வைகளை நானே எடுத்துப்போட்டுக் கொடுத்தேன். ஏர்போர்ட்டில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். அப்போதும் உள்ளே பாதிக்குமேல் காந்திக்கொண்டுதான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறாள். அம்மாவுக்கு மலையடிவாரத்தில் வீடு கட்டத் தொடங்கியாகிவிட்டது. அயர்லாந்தில் எல்லோரும் அவளை நிஜப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எனக்கென்னவோ யாரோ வேறு ஒருத்தியைப் பற்றிப் பேசுவது போலிருக்கிறது. நான் நாலாவது தடவைக்குப் பணம் கட்டியிருக்கிறேன். அறைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் நல்ல பெண். எதுவும் கேட்க மாட்டாள். நான் இருமினால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாள்.

போன வாரம் ரெஃபரல் ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய வார்டில் இருக்கிறார். தொண்ணூறு வயது. மாடு வளர்த்தவர். மனைவி போனபிறகு யாரிடமும் வாய் திறப்பதில்லை. இவள் டியூட்டி முடிந்ததும் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, அவர் வளர்த்த மாடுகளை ஒவ்வொன்றாக விசாரிக்கிறாளாம். இப்போது அவர் இவள் வரும் நேரம் பார்த்துக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

"டியூட்டி முடிஞ்சா ரூமுக்குப் போய்ப் படுக்க வேண்டியதுதான? அங்கன என்னட்டி தெனமும்?" என்று எரிந்து விழுந்தேன்.

"பத்து நிமிஷம்தானேக்கா" என்றாள்.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கொடுத்துவைத்த கிழவன்.